கோபுரமெல்லாம் தம்பிக்கு

அத்தை வரைந்த ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தீப்பெட்டி அளவுதான். அதற்குள் நாலு வரி: படத்தின் எண், வரைந்த தேதி, வரைந்தவர் பெயரின் முதல் எழுத்து, கடைசியாக ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரி எல்லாப் படங்களிலும் காலியாகவே இருக்கும். தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் அவள் முப்பத்து நாலு வருஷம் வரைந்த இயந்திரப் படங்களில் அந்த இடத்தில் யாராவது ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருப்பார். வீட்டில் வரைந்தவற்றைச் சரிபார்க்க ஒருவர் வேண்டியதில்லை என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டத்தைப் போட்டு, அந்த வார்த்தையையும் எழுதி, எதிரே ஒன்றுமில்லாமல் விட்டுவிடுவாள். அதுவே போதும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

என் அப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்பது அவர் எனக்குச் சின்ன வயதிலிருந்து சொன்னது. அத்தையின் விஷயத்தில் அதைக் கேட்கப் போவதில்லை.

அத்தை அப்பாவுக்கு ஆறு வயது மூத்த அக்கா. என் தாத்தா தெற்கேயிருந்து திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலைக்கு வந்து சேர்ந்தவர். மகளை டிப்ளமோ படிக்க வைத்தார். அவளும் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளச் சீட்டில் கடைசிவரை ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றுதான் இருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், “கோடு போடறதுல ஆம்பிளக் கோடு பொம்பளக் கோடுன்னு இல்லையே” என்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவள் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அப்பா வங்கி அதிகாரியாகி, ஸ்ரீரங்கத்தில் பால்கனியில் நின்றால் ராஜகோபுரம் தெரிகிற ஒரு ஃபிளாட் வாங்கினார். அத்தை காட்டூரில் இரண்டு அறை வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

தஞ்சாவூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையில் எனக்கு எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை கிடைத்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அத்தை, “பஸ்லயே பாதி ஆயுசு போயிடும் பாப்பா, இங்கயே வந்து இருந்துக்க” என்றாள். ஒரு பெட்டியோடு போனேன். அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன்.

நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள். அத்தையை ‘டிராயிங்கம்மா’ என்று கூப்பிட்டார்கள். மீன் குழம்பு, அப்பளம், பேச்சு, சிரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு அத்தை முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற இருவரும் எதுவும் நடக்காததுபோல என்னிடம் மருத்துவமனையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவர்கள் போன பிறகு அத்தை என்னிடம் அந்தப் படத்தைக் காட்டினாள். புடவையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வெற்று முதுகோடு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண். சற்று முன் என்னோடு சேர்ந்து மீன் சாப்பிட்டவள்.

அப்படி முப்பத்தொரு பெண்களை அத்தை வரைந்திருந்தாள். கேன்டீனில் வேலை பார்த்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், ஸ்டோர்ஸில் இருந்தவர், டிஸ்பென்சரி நர்ஸ். நன்றாகச் சீவிய பென்சில், வெறும் கோடு, நிழல் கிடையாது. இயந்திரத்தின் உதிரி பாகத்தை எப்படி வரைவாளோ அப்படி. பிள்ளை எடுத்த தையல் வயிறு, தொங்கிப்போன தோள், வெடித்த குதிகால், ஒரு மார்பு நீக்கப்பட்ட நெஞ்சு. எதையும் அழகாக்கவில்லை. எதையும் அசிங்கப்படுத்தவும் இல்லை. நாள் முழுக்க உடம்புகளைப் படம் எடுக்கிற வேலை எனக்கு. மெஷின் முன்னால் நிற்கிறவர்கள் தங்கள் உடம்பை எனக்கு ஒப்படைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அத்தையின் பெண்கள் அப்படியில்லை. அவர்கள் அந்த உடம்புக்குள்ளேயே இருந்தார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளும்கூட, திரும்பிப் பார்க்காமலே நம்மைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தாள்.

இவை தவிர இன்னொரு பக்கம் இருந்தது. கோபுரங்கள். ராஜகோபுரம், வெள்ளைக் கோபுரம், மலைக்கோட்டை, கொள்ளிடப் பாலம், காவிரியில் தண்ணீர் வந்த அன்றைய படித்துறை. நூற்றுக்கணக்கில் இருக்கும். கை பழக வரைந்தவை என்பாள். ஆனால் ஒவ்வொரு சுதை பொம்மைக்கும் எண்ணிப் பார்த்தாற்போல விரல்கள் இருக்கும். எல்லாவற்றையும் தச்சரிடம் சொல்லிச் செய்த ஒரு தட்டையான இழுப்பறை மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். மேல் நாலு இழுப்பறை கோபுரங்கள். கீழ் இரண்டு பெண்கள்.

அவள் ஓய்வுபெற்ற மறுவருஷம் பழைய நண்பர்கள் சேர்ந்து ஒரு கூடத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைத்தார்கள். கோபுரங்கள் மட்டும்தான். அப்பா அன்று புது வேட்டி கட்டி வந்தார். வங்கிக்கு வருகிறவர்களையெல்லாம் அழைத்திருந்தார். “எங்க அக்கா வரைஞ்சது” என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்தப் பெருமை பொய்யில்லை. அதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். அப்படி வந்தவர்களில் ஒருவர், கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க ஸ்ரீரங்கத்தில் புதிதாக ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தவர். ஒரு வாரம் கழித்து அப்பா அவரை அழைத்துக்கொண்டு காட்டூர் வீட்டுக்கு வந்தார்.

ஹோட்டல்காரர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். “அம்மா பேர்லயே ஒரு கூடம் வைக்கிறோம். வாசல்லயே பேர் போட்டுடலாம். ரிசப்ஷன்ல கோபுரம், ஒவ்வொரு ரூம்லயும் ஒரு படம். உங்களுக்கப்புறமும் நூறு வருஷம் இருக்கும்” என்றார். இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தத்தையும் கொண்டுவந்திருந்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். டிராயிங்கில் தப்புத் தேடுகிறவளின் படிப்பு அது.

“எல்லாப் படங்களும்னு போட்டிருக்கீங்களே. உங்களுக்குப் பிடிக்காத படம் இருந்தா?”

“அதை நாங்க பாத்துக்கறோம்மா.”

“பாத்துக்கறோம்னா?”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “கோயிலுக்கு வர்றவங்க தங்கற இடம் அக்கா. அங்க வைக்கக்கூடாததை எடுத்து வெச்சிடுவாங்க, அவ்வளவுதான்” என்றார்.

“எங்க எடுத்து வெப்பாங்க?”

அத்தை ஒப்பந்தத்தை மடித்து ஹோட்டல்காரர் கையில் கொடுத்தாள். “காபி குடிச்சிட்டுப் போங்க. கூடமெல்லாம் வேண்டாம்.”

அவர் போன பிறகு அப்பா இருந்தார். அவர் உரக்கப் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். அக்கா காலத்துக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது, ஒருவன் தானாகத் தேடிவந்து பெயர் வைக்கிறேன் என்கிறான், வேறு என்ன வேண்டும் என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள். பிறகு கீழ் இழுப்பறையைக் காட்டி, “இத வெச்சுக்கிட்டுத்தான் எல்லாத்தையும் கெடுத்துக்கற. நீ போன மறுநாள் இதையெல்லாம் நானே எரிச்சிடுவேன். நம்ம வீட்டுலேர்ந்து இது வெளிய போகக்கூடாது” என்றார்.

அத்தை கோபப்படவில்லை. “சொன்னதுக்கு நன்றிடா. சொல்லாம எரிக்கிறவங்கதான் ஜாஸ்தி” என்றாள்.

மறுநாள் காலை என்னை லீவு போடச் சொன்னாள். கோர்ட்டுக்கு அருகே, மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும்; காது கொடுத்துக் கேட்கிறவர். அத்தை நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்டது, “அந்தப் பேப்பர்ல சகல உரிமைகளும்னு இருந்துச்சா?” என்றுதான்.

“இருந்துச்சு.”

“நல்லவேளை கையெழுத்துப் போடல. காகிதம் வேறம்மா, உரிமை வேற. நீங்க ஒரு படத்தை வித்தாக்கூட அந்தத் தாள்தான் போகும். அதைப் பிரதி எடுக்கறது, அச்சடிக்கறது, காலண்டர் போடறது, அந்த உரிமையெல்லாம் நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் போகும். உங்களுக்கப்புறமும் அறுபது வருஷம் அது உயிரோட இருக்கும். யார்கிட்ட இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும். சொல்லாம போனா வாரிசுக்குப் போயிடும்.”

அத்தைக்கு அது சட்டென்று பிடிபட்டது. “எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். மெஷின் எங்கயோ ஓடிட்டிருக்கும். டிராயிங் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் இன்னொண்ணு செய்ய முடியும்” என்றாள். முப்பத்து நாலு வருஷ வேலையில் அவளுக்குத் தெரிந்திருந்த ஒன்றைத்தான் சட்டம் வேறு வார்த்தையில் சொன்னது. அன்று வரைக்கும் வீட்டில் வரைந்ததைப் பற்றி அவள் அப்படி யோசித்ததில்லை.

கோபுரங்கள் யாருக்கு என்று வக்கீலம்மா கேட்டார். “தம்பிக்கு. தாளும் அவனுக்கு, உரிமையும் அவனுக்கு. ஹோட்டலுக்குக் கொடுக்கட்டும், காலண்டர் போடட்டும். கோபுரமெல்லாம் தம்பிக்கு” என்றாள். பெண்கள் படங்கள்? “அவங்கள கேட்டுட்டு வரேன்” என்று எழுந்துவிட்டாள். வக்கீலம்மா, “சட்டப்படி கேக்க வேண்டிய அவசியம் இல்லைம்மா, வரைஞ்சது நீங்க” என்றார். “வரையறப்ப கேட்டுட்டுத்தானே வரைஞ்சேன்” என்றாள் அத்தை, படியில் இறங்கிக்கொண்டே.

அடுத்த எட்டு மாதம் எனக்கு லீவு கிடைத்த நாட்களிலெல்லாம் அத்தையோடு பஸ்ஸில்தான் போனேன். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரவர் படத்தைச் சுருட்டி, துணியில் சுற்றி எடுத்துப் போனாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. “நான் போன பிறகு இதை என்ன செய்யணும்? நாலு பேர் பாக்க மாட்டலாமா, உள்ளயே வெச்சிருக்கணுமா, படமே வேண்டாமா?” பதிலை ஒரு நோட்டில் எழுதி, கீழே அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்வாள். இறந்துபோன ஐந்து பேரின் வீட்டுக்குப் போகவில்லை. “அவங்களுக்குப் பதிலா வீட்டு ஆம்பிளைங்க பேசிடுவாங்க. அந்த அஞ்சும் யார் கண்ணுலயும் படாம உள்ளயே இருக்கட்டும்” என்றாள்.

பலர் சிரித்தார்கள். ஒருவர், “மாட்டுங்க, நல்லா பெரிய ஃபிரேம் போட்டு மாட்டுங்க” என்றார். ஒருவர் தன் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். துவாக்குடியில் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் நான் மறக்கவே முடியாது. ஒரு மார்பு நீக்கப்பட்ட பெண்ணின் வீடு அது. அத்தை வரைந்ததிலேயே அதுதான் மிகச் சிறந்த படம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பெண் படத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் தொடாமல், தாளுக்கு மேலே காற்றில் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு, “அப்ப எனக்கு வேண்டியிருந்துச்சு டிராயிங்கம்மா. இப்ப வேண்டாம். கிழிச்சிடுங்க” என்றார்.

அத்தை தாளை நேராகப் பிடித்து நடுவில் கிழித்தாள். அடுக்கி மறுபடி கிழித்தாள். துண்டுகளை அவர் மடியிலேயே வைத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதுவிட்டேன். ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்கலாமே என்றேன்.

“எதுக்கு? அவங்களுக்குத் தெரியாம நான் வெச்சுக்கறதுக்கா?”

“நீங்க வரைஞ்சதுலயே நல்ல படம் அதுதான் அத்தே.”

“தெரியும். வரைஞ்சவளுக்குத் தெரியாதா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “படம் என்னுது பாப்பா. உடம்பு அவங்களுது.”

அன்று எனக்கு அது புரிந்ததைவிட வலித்ததுதான் அதிகம்.

கே.கே. நகரில் இருந்த கேன்டீன் அக்காவின் வீட்டில் பேசவே முடியவில்லை. மகன் வீடு. மகனும் மருமகளும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எங்களைத் துணி காயப்போடுகிற மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். கேன்டீனில் சேர்வதற்கு முன்பு கல்யாணங்களுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தவர் அவர். ஒரு கல்யாண வீட்டில் கொதிக்கிற எண்ணெய் சரிந்து தோளிலிருந்து இடுப்புவரை முதுகு வெந்துபோனது. அந்த முதுகைத்தான் அத்தை வரைந்திருந்தாள். எரிந்த தோலின் ஒவ்வொரு மடிப்பும் ஆற்று மணலில் காற்று போட்ட வரிபோல. அக்கா காய்ந்த புடவைக்குப் பின்னால் நின்று படத்தைப் பிரித்துப் பார்த்தார். “நான் இருக்கறவரைக்கும் வேண்டாம்மா. பையன் சங்கடப்படுவான். நான் போன பிறகு என்ன வேணா பண்ணிக்கங்க” என்று காதருகே சொல்லிவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

நோட்டு நிரம்பியதும் மறுபடி வக்கீலம்மாவிடம் போனோம். பெண்களின் படங்களும் அவற்றின் உரிமையும் என்னிடம் இருக்கும். ஆனால் என் இஷ்டத்துக்கு இல்லை. ஒவ்வொரு பெண்ணும் சொன்னபடிதான் செய்ய வேண்டும். உயிரோடு இருக்கும்வரை அவர்கள் தங்கள் வார்த்தையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இறந்த பிறகு கடைசியாகச் சொன்னதே நிற்கும். கணவனோ மகனோ தம்பியோ அதை மாற்ற முடியாது. விற்கக்கூடாது. எனக்குப் பிறகு யார் என்பதை நான் எழுதி வைக்க வேண்டும். வக்கீலம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தார். “இவ்வளவு நிபந்தனை போட்டா, நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா எல்லாமே நிக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

“நிக்கற வரைக்கும் நிக்கட்டும்” என்றாள் அத்தை. என் பக்கம் கையைக் காட்டினாள். “அதுக்கப்புறம் இவ நிப்பா.”

உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அத்தை பதியத்தான் வேண்டும் என்றாள். அதற்குள் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் போன அன்று அவரும் வந்து நின்றார். அக்காவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை, யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்கிறாள் என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னார். என்னைப் பார்க்காமலே சொன்னார். வக்கீலம்மா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த டாக்டர் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டு, அத்தையிடமே நேராகக் கேட்டார்.

“என்ன எழுதியிருக்குன்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

அத்தை எழுந்து நின்று சொன்னாள். எத்தனை படம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை யாருக்கு, எந்தப் பெண் என்ன சொன்னாள். நோட்டைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டு சாட்சிகளும் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு அதிகாரியிடம், “தம்பிக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்காதீங்க சார். கோபுரமெல்லாம் அவனுக்குத்தான். சின்ன வயசுல ராஜகோபுரத்துல எத்தனை பொம்மைன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பான். எண்ணி எண்ணி வரைஞ்சு வெச்சிருக்கேன்” என்றாள். அப்பா வெளியே போய்விட்டார். அத்தை விரலில் மை தடவி ரேகை வைத்தாள். அறுபத்தொரு வயது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், நான் டியூட்டியில் இருந்தபோது, போன் வந்தது. நெஞ்சு வலி. என் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். படம் எடுக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த கையோடு, அப்பா ஒரு மினி வேனும் இரண்டு ஆட்களுமாகக் காட்டூர் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் பத்திரமாக ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். முகம் அழுது வீங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை, அக்கா போன துக்கம் அவருக்கு உண்மை. கீழ் இழுப்பறையை எரிக்க வேண்டும் என்ற எண்ணமும் அதே அளவு உண்மை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பது எனக்கு அன்று வாசற்படியில் நின்றபோதுதான் தெரிந்தது.

மேல் நாலு இழுப்பறையிலிருந்த கோபுரங்களை நான் முந்தின நாளே கட்டி வைத்திருந்தேன். “அப்பா, இதெல்லாம் உங்களுது. எடுத்துக்கங்க. அந்த மேஜைகிட்ட மட்டும் யாரும் போகக்கூடாது” என்றேன்.

“நகரு.”

“நகர மாட்டேன்ப்பா.”

“பெத்த அப்பனை வாசல்ல நிறுத்துறியா?”

“ஆமாம்ப்பா. நிறுத்துறேன்.”

அதுவரை என் வாழ்க்கையில் அவரிடம் நான் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. படிப்பு, வேலை எல்லாமே அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான். குரல் கிறீச்சிட்டது. ஆனால் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன்காரர்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு கோபுரக் கட்டுகளைத் தூக்க ஆரம்பித்தார். அப்பா கடைசிக் கட்டைத் தானே சுமந்து கொண்டுபோனார். அதன்பிறகு ஒன்றரை வருஷமாக என்னோடு பேசுவதில்லை. கேஸ் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கோபுரங்களை ஹோட்டலுக்கும் கொடுக்கவில்லை. ஃபிளாட்டில் ஒரு சுவர் விடாமல் மாட்டியிருக்கிறார் என்று அம்மா போனில் சொல்வாள்.

பெண்களின் படங்களை மாட்ட இடம் தேடினேன். கூடம் வைத்திருந்த ஒவ்வொருவரும் முதலில் சரி என்றார்கள்; படங்களைக் காட்டியதும் தேதி இல்லை என்றார்கள். கடைசியில் காட்டூரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. ஆடி மாதம், கல்யாணம் இல்லாத நாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனுமதி தந்த பத்தொன்பது பேரின் படங்களை மாட்டினேன். காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள்தான் அதிகம். சிலர் கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் உரக்கவே திட்டிவிட்டுப் போனார். படத்தில் இருந்த பெண்களில் பதினோரு பேர் வந்து, தங்கள் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து தனியாக பஸ்ஸில் வந்தாள்.

“அப்பாவுக்குத் தெரியுமாம்மா?” என்றேன்.

“சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றாள். ஒவ்வொரு படத்தின் முன்னும் செருப்பில்லாத காலோடு நின்று நின்று பார்த்தாள். அப்பா வரவில்லை. வருவார் என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். கே.கே. நகரிலிருந்து கேன்டீன் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே மகன். அக்கா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னிடம் நின்றார்.

“என் படம் எங்க?”

“நீங்க இருக்கறவரைக்கும் வேண்டாம்னு சொன்னீங்கக்கா. வீட்டுல மேஜையில இருக்கு.”

“அப்ப சொன்னேன். இப்ப மாட்டு.”

“அம்மா, சும்மா இருங்க. வாங்க போலாம்” என்றார் மகன். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். நாலு பேர் திரும்பிப் பார்த்ததில் முகம் சிவந்துவிட்டது.

அக்கா திரும்பினார். உரக்கப் பேசவில்லை. “எண்ணெய் கொட்டுனப்ப நீ என் வயித்துலதான்டா இருந்த. வயித்துல படக்கூடாதுன்னுதான் முதுகைத் திருப்பினேன். இத்தன வருஷமா உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு மறைச்சு வெச்சேன். போதும்.”

மகன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் வீட்டுக்கு ஓடிப் போய்ப் படத்தை எடுத்து வந்தேன். மண்டபத்துச் சுவரில் காலியாக ஒரே ஓர் இடம்தான் இருந்தது, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில். அங்கே வேண்டாம் என்றார் அக்கா. கதவுக்கு நேர் எதிரே இருந்த சுவரைக் காட்டினார். அங்கிருந்த இரண்டு படங்களைத் தள்ளி வைத்துவிட்டு நான் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து அந்தப் படத்துக்குக் கீழே, வாசலைப் பார்த்துப் போட்டு, உட்கார்ந்துகொண்டார். பிறகு அண்ணாந்து என்னிடம் சொன்னார்.

“ஆணி நல்லா எறங்கியிருக்கா பாரு. அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் உக்காரப் போறேன்.”